தொண்டர் குழு நிலைபெறுவது எவ்வாறு?
பெங்களூரின் மென்பொருள் சங்கங்கள் தரும் படிப்பினை

கர்நாடகத்தின் கதக் மாவட்டத்தில் கணகினஹாள் என்பது ஒரு சிற்றூர். 1905-ஆம் ஆண்டில் அவ்வூர் உழவர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை நிறுவினர். முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் முதன்முதலாகத் தோன்றிய சங்கங்களுள் அதுவும் ஒன்று. அண்டை அயலார் ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்துக்கொள்வது அதற்கு முன்னும் இருந்த வழக்கமே. அங்கத்தினர் யார், கணக்கு வைப்பவர் யார், யார் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பவற்றை எழுத்தில் வரையறுத்ததே சங்கம் செய்த புதுமை.

அதே மாநிலத்தின் தலைநகராகிய பெங்களூரில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், வேறொரு வகைக் கூட்டுறவு வளர்ந்தது. இங்குப் பொதுவில் வைக்கப்பட்ட பொருள் பணமன்று, கணினி மென்பொருள். பொருள் மாறினும் சிக்கல் மாறவில்லை. ஆர்வத்தால் கூடியவர்கள் அவ்வார்வம் தணிந்த பின்னும் கூடியிருப்பது எப்படி என்பதே அச்சிக்கல்.

திறந்த மூல மென்பொருள்

கணினிக்கு மனிதர் எழுதும் கட்டளைகளின் தொகுதியே மூல நிரல் எனப்படும். விலைக்கு விற்கப்படும் மென்பொருள்கள் பலவற்றில் இம்மூல நிரல் மறைத்து வைக்கப்படுகிறது. திறந்த மூல மென்பொருளிலோ அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இவ்வழியில் தோன்றியவை. பைத்தான் என்னும் நிரல்மொழியும் 1991-இல் வெளியாயிற்று.

உரிமம் ஒருவருக்கு உரிமையைத் தருமேயன்றித் திறமையைத் தருவதில்லை. மென்பொருளை நிறுவுதல், பிழை கண்டவிடத்து அதனை ஆக்கியோருக்கு முறைப்படி தெரிவித்தல், தாய்மொழியில் அதன் சொற்களைப் பெயர்த்தல் ஆகியவற்றை ஒருவர் அருகிலிருந்து கற்பிக்கும்போதே பிறர் எளிதில் கற்கின்றனர். இத்தேவையினின்று எழுந்தவையே ஊர்தோறும் உள்ள பயன்படுத்துவோர் குழுக்கள். மத்திய அரசு 2015-இல் தன் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. அதன்பின் இத்தகைய குழுக்களின் பயன் பொறியாளர்களோடு நில்லாமல் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் உரியதாயிற்று.

பெங்களூரில் நிகழ்ந்தவை

2001-இல் பெங்களூரின் தொண்டர்கள் ‘லினக்ஸ் பெங்களூர்’ என்னும் மாநாட்டைக் கூட்டினர். 2005-இல் அது ‘ஃபாஸ் டாட் இன்’ எனப் பெயர் மாறியது. கேட்டுச் செல்வதோடு நின்றுவிடாமல், வருவோர் தாமும் நிரல் எழுதி உதவ வேண்டும் என்பதைப் பிற்கால மாநாடுகள் வற்புறுத்தின. 2012-ஆம் ஆண்டு மாநாட்டுடன் அது முடிவுற்றது. அம்முயற்சியில் முதன்மைப் பங்கு கொண்டிருந்த அதுல் சிட்னிஸ் 2013-இல் காலமானார். மாநாடு நின்றாலும் அதன்வழிப் பழகியவர்கள் பல திட்டங்களுக்கும் நிறுவனங்களுக்கும் பரவினர். ஆதலின் ஒரு முயற்சி முடிவது அதன் தோல்வி ஆகாது.

அதே நகரில் பைத்தான் மொழியைப் பயில்வோர் ‘பேங்பைப்பர்ஸ்’ என்னும் குழுவாகக் கூடி வந்தனர். நாடளாவிய முதல் பைத்தான் மாநாடாகிய ‘பைகான் இந்தியா’ 2009 செப்டம்பரில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நடைபெற்றது. பொறுப்பை ஏற்கப் பைத்தான் ஆர்வலர்களின் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. அச்சங்கத்தின் தலைவராக இருந்தவர் நீலகிரியில் வாழ்ந்த கென்னத் கொன்சால்வஸ். அவர் 2012 ஆகஸ்டில் மறைந்தார். எனினும் அவ்வாண்டு மாநாடு செப்டம்பர் இறுதியில் பெங்களூரில் கூடியது. அவர் பெயரால் சங்கம் ஒரு விருதையும் ஏற்படுத்தியது.

அதன்பின் மாநாடு ஊர் மாறிற்று. 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் தில்லியிலும், 2018-இல் ஐதராபாதிலும், 2019-இல் சென்னையிலும் நடந்தது. பெருந்தொற்றுக் காலமாகிய 2020, 2021 ஆண்டுகளில் இணையத்தின் வழியே நடந்தது. பின்னர்ச் சென்னைக்கும் ஐதராபாதுக்கும் சென்று, 2024-இல் பெங்களூருக்கே திரும்பியது. ஊரும் நடத்துவோரும் மாறியபோதும் பெயரும் மரபும் மாறவில்லை. பொறுப்பு தனி மனிதர்மீது மட்டும் அமையாமல் ஒரு சங்கத்தின்மீதும் அமைந்ததே இதற்குத் துணை நின்றது எனலாம்.

எழுதப்பட்ட விதிகளின் வலிமை

உலகளாவிய மென்பொருள் திட்டங்களும் இதனையே மெய்ப்பிக்கின்றன. 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டம் 1998-இல் தனக்கென ஓர் அமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதன் தலைவர் ஓராண்டுக்கே தேர்ந்தெடுக்கப்படுகிறார். வாக்குச் சீட்டில் ‘இவர்களுள் எவரும் வேண்டா’ என்பதும் ஒரு தெரிவாக இடம்பெறுகிறது. தலைவரின் முடிவை அங்கத்தினர் பொதுத் தீர்மானத்தால் மாற்றவும் இயலும்.

பைத்தானின் கதை வேறு. அதனைப் படைத்த கீடோ வான் ரோசம் 2018 ஜூலையில் இறுதி முடிவு செய்யும் பொறுப்பினின்று விலகினார்; தமக்குப் பின்வருபவர் இன்னாரென அவர் குறிக்கவில்லை. உறுப்பினர் பல நிர்வாக முறைகளை எழுதி ஒப்பிட்டு, அவ்வாண்டு டிசம்பரில் வாக்களித்து ஒன்றைத் தேர்ந்தனர். 2019-இல் ஐவர் கொண்ட குழு பதவியேற்றது. ஒரே நிறுவனத்தில் ஊதியம் பெறுவோர் இருவருக்கு மேல் அக்குழுவில் இருத்தலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. பொருளுதவி செய்வோரின் கை ஓங்கிவிடாமல் காக்கும் ஏற்பாடு இது.

களப்பணியாளரும் ஆசிரியரும் கருதத்தக்கவை

சிற்றூர்களில் இத்தகைய குழுவைத் தொடங்குபவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ இருப்பார். அவருக்கு இடமாற்றம் வருவது உறுதி. அவர் புறப்படும் நாளில் கணினி அறையின் சாவி, இணையக் கணக்குகளின் கடவுச்சொல், உறுப்பினர் பட்டியல், மீந்த பணம் ஆகியவை எவர் கையில் இருக்கும்? இவ்வினாவுக்கு முதற் கூட்டத்திலேயே விடை காண வேண்டும். இல்லையேல் வாரந்தோறும் வந்து பழகிய மாணவர் ஒரு நாள் பூட்டிய கதவைக் கண்டு திரும்புவர்.

முதலாவதாக, நாளும் இடமும் மாறாதிருத்தல் வேண்டும். 1998 முதல் இயங்கிவரும் சென்னை லினக்ஸ் பயன்படுத்துவோர் குழு நெடுங்காலம் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடி வந்தது. அறிவிப்புக் கிட்டாதவரும் நாளை அறிந்திருந்தால் வந்து சேர்வர்.

இரண்டாவதாக, எந்தச் சாவியும் எந்தக் கடவுச்சொல்லும் ஒருவரிடம் மட்டும் இருத்தலாகாது. குறைந்தது இருவர் அறிந்திருக்க வேண்டும். அவ்விருவரும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவராக இல்லாதிருத்தல் நலம்.

மூன்றாவதாக, வரவு நூறு ரூபாயாயினும் கணக்கைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். நன்கொடை அளித்த நிறுவனத்துக்கு நன்றி கூறலாம். நிகழ்ச்சி நிரலை வகுக்கும் உரிமையை அதற்கு அளித்தலாகாது.

நான்காவதாக, தலைவர், காரியதரிசி, பொருளாளர் ஆகியோரின் பதவிக் காலத்தை வரையறுக்க வேண்டும். ஓராண்டு பணியாற்றியவர் அடுத்தவருக்குக் கற்பிப்பதையும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, நடத்தை விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். முறைகேடு நேர்ந்தால் எவரிடம் முறையிடுவது என்பதை அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். முறையீடு அமைப்பாளரைப் பற்றியதாகவே இருக்கலாமாதலால் அதனைக் கேட்க வேறொருவரும் வேண்டும். பெண்களும் மாணவிகளும் அச்சமின்றி வந்து செல்வதற்கு இது இன்றியமையாதது.

பதிவு செய்வதைப் பற்றியும் ஒரு சொல். கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டம் 1975-இல் வந்தது. இரண்டின்படியும் எழுவர் சேர்ந்து சங்கம் ஒன்றைப் பதிவு செய்யலாம். பதிவானபின் ஆண்டுப் பொதுக்கூட்டமும் பதிவாளருக்கு அனுப்பும் கணக்கும் கட்டாயமாகின்றன. ஆகவே பணப் புழக்கம் பெருகாத இளங்குழு இதில் விரைய வேண்டுவதில்லை. இரண்டு பக்கங்களில் எழுதி அனைவரும் ஒப்புக்கொண்ட விதிகளே தொடக்கத்துக்குப் போதும்.

மென்பொருளின் மூல நிரலைத் திறந்து வைப்பதன் நோக்கம், அதை எழுதியவர் நீங்கினும் மற்றொருவர் படித்துத் தொடர இயல வேண்டும் என்பதாகும். குழுவின் விதிகளும் கணக்கும் சாவிகளும் அதேபோல் திறந்த நிலையில் இருப்பின், தொடங்கியவர் மாற்றலாகிச் சென்ற மறு மாதமும் இரண்டாம் சனிக்கிழமையன்று அறையின் கதவு திறந்திருக்கும்.