ஆய்வுக்கூடச் சீட்டில் ஓர் எண்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

எங்கள் டயாலிசிஸ் பிரிவை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவருகிறீர்கள். அங்கே நாங்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு கேள்வியை இந்த இதழில் விளக்க விரும்புகிறோம்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் ஒரு சகோதரருக்கு ஒரு மாலை நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. அவர் மனைவி ஆய்வுக்கூடச் சீட்டை எங்களிடம் நீட்டினார். "ஐயா, இரத்தத்துல கிருமி ஏறிடுச்சுன்னு சொல்றாங்க. இருக்கிற நகையை வித்துடட்டுமா?" என்று அழுதார். சீட்டில் 'புரோகால்சிட்டோனின் 0.9' என்று இருந்தது.

கிருமித் தொற்றை எதிர்க்கப் புறப்படும் உடல், கட்டுமீறித் தன் உறுப்புகளையே சேதப்படுத்தும் நிலையைத்தான் மருத்துவர்கள் 'செப்சிஸ்' என்கிறார்கள். இதில் நேரம் உயிருக்குச் சமம். புரோகால்சிட்டோனின் என்பது இரத்தத்தில் உள்ள ஒரு புரதம். நலமாயிருப்பவரிடம் அது மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் குறைவு. பாக்டீரியாத் தொற்று கடுமையாகும்போது சில மணி நேரத்தில் பல மடங்கு ஏறும். 1993-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் இதை வெளியிட்டது முதல் இப்பரிசோதனை உலகெங்கும் பரவியது. பொதுவாக 0.5-ஐத் தாண்டினால் சந்தேகிப்பார்கள்.

அப்படியானால் 0.9 ஆபத்தல்லவா? இங்கேதான் சிறுநீரகம் குறுக்கே வருகிறது. இந்தப் புரதத்தின் ஒரு பங்கைச் சிறுநீரகங்கள் அகற்றுகின்றன. அவை பழுதுபட்டால் அது இரத்தத்தில் தங்கிவிடும். நாட்பட்ட சிறுநீரக நோயில் உடலுக்குள் ஓயாத ஓர் அழற்சியும் இருக்கும். ஆகவே டயாலிசிஸ் நோயாளிகளில் சிலருக்குத் தொற்றே இல்லாதபோதும் 0.5-க்கு மேல் காணப்படுவதுண்டு. தொற்று தணிந்த பின்னும் அந்த எண் மெதுவாகவே இறங்கும். டயாலிசிஸ் இயந்திரமும் அதில் கொஞ்சத்தை வெளியேற்றுவதால், முடிந்தவரை டயாலிசிஸுக்கு முன்பே இரத்தம் எடுக்கிறார்கள்.

சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற மற்றொரு புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குகிறது. அது பெரிய மூலக்கூறு. சிறுநீரகம் அதை வடிகட்டுவதில்லை. ஆயினும் அந்த ஓயாத அழற்சியால் இவர்களிடம் அதுவும் சற்று உயர்ந்தே இருக்கும். செப்சிஸ் சிறுநீரகத்தைத் தாக்கியதா என்று காட்டும் கிரியாட்டினினோ, இவர்களுக்கு முன்னமே உயர்ந்திருக்கிறது. சாட்சிகள் எல்லாருமே தடுமாறுகிறார்கள்!

ஆகவே எங்கள் மருத்துவர்கள் ஒரே எண்ணை நம்புவதில்லை. நோயாளி நலமாயிருந்தபோது எடுத்த பழைய அளவோடு ஒப்பிடுகிறார்கள். இரத்தத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். சந்தேகம் பலமாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்கி, மறுநாள் அளவு ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள்.

அந்தச் சகோதரருக்கு மறுநாள் 7 ஆயிற்று. கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. கழுத்தில் போட்டிருந்த டயாலிசிஸ் குழாயை எடுத்துவிட்டு மருந்தைத் தொடர்ந்தார்கள். மூன்றாம் வாரம் அவர் நடந்தே வீடு சென்றார். அதே மாதத்தில் ஒரு சகோதரிக்கும் 0.9 இருந்தது. அவருக்கு அது ஏறவுமில்லை, கல்ச்சரில் கிருமியுமில்லை. மருந்து நிறுத்தப்பட்டது, அக்குடும்பம் வீண் செலவுக்குத் தப்பியது. ஒரே எண், இரு வேறு நிலைகள்.

வேறொருவரை நாங்கள் இழந்தோம். நான்கு நாள் காய்ச்சலை வீட்டிலேயே பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். வண்டிச் செலவுக்குப் பணமில்லை என்று பிறகுதான் அறிந்தோம். அவருடைய அடக்க ஆராதனையில் நின்றபோது எங்களுக்கு வார்த்தை வரவில்லை.

வேதாகமத்தில் 'உள்ளிந்திரியங்கள்' என்று நாம் வாசிக்கும் இடங்களில் எபிரெய மூலச்சொல் சிறுநீரகங்களையே குறிக்கிறது. மனிதனின் மறைவான ஆழத்தை, தேவன் மாத்திரம் சோதித்தறியும் இடத்தை, அச்சொல்லால் சொன்னார்கள். மனிதராகிய நாங்களோ பரிசோதித்து, பொறுத்திருந்து, மறுபடியும் பரிசோதித்தே அறிகிறோம்.

உங்கள் சபையில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், காய்ச்சலோ நடுக்கமோ கண்ட அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டிச் செலவை விசாரியுங்கள். உங்கள் காணிக்கை இங்கே கல்ச்சர் பரிசோதனையாகவும், இரண்டாம் நாள் பரிசோதனையாகவும், ஏழைகளின் பயணச் செலவாகவும் மாறுகிறது. இரவில் விழித்திருக்கும் செவிலியருக்காகவும் ஆய்வுக்கூட ஊழியருக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்