ஷெல்லுக்குப் படுத்தோம், மின்னலுக்குப் படுக்கக்கூடாது

சித்திரை இடிமழைக்கும் மார்கழி மழைக்கும் உள்ள வித்தியாசத்தை வன்னியில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்கழி மழை நாட்கணக்கில் பெய்து குளத்தை நிரப்பும். சித்திரை மழை காலையில் எந்த அடையாளமும் காட்டாது. பத்து மணி வெயிலில் கூரைத் தகரம் கொதிக்கும். மதியம் திரும்பி இரண்டு, மூன்று மணியளவில் வானத்தின் ஒரு பக்கம் கறுக்கும். திடீரென்று குளிர்காற்று வீசும். பிறகு இடி. பெரும்பாலும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும்.

அந்தக் குறுகிய நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. என் வயதுக்காரருக்கும் எமக்கு மூத்தவர்களுக்கும் பெரிய சத்தம் கேட்டால் உடம்பு தானாகவே ஒன்றைச் செய்யும். குனியும், மண்ணைத் தேடும், மரத்தடிக்கோ பள்ளத்துக்கோ ஓடும். என் அம்மா இன்றும் முதல் இடிக்குப் பிள்ளைகளை இழுத்துத் தரையில் இருத்துவார். இது பயந்த சுபாவம் அல்ல. உயிரைக் காப்பாற்றித் தந்த பழக்கம். ஆனால் ஷெல்லுக்குச் சரியாக இருந்த அதே பழக்கம் மின்னலுக்குப் பிழையானது.

முதலில், இந்த இடிமழை ஏன் வருகிறது? மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். வாடைக் காற்று ஓய்ந்திருக்கும், சோளகம் இன்னும் தொடங்கியிருக்காது. ஏப்ரல் முற்பகுதியில் தெற்கிலும், புத்தாண்டை ஒட்டிய நாட்களில் வடக்கிலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. நிலம் கடுமையாகச் சூடாகிறது. கடலில் இருந்து உள்ளே வரும் ஈரக்காற்று அந்தச் சூட்டில் மேலெழுந்து, 10 கிலோமீற்றருக்கும் அதிக உயரமான முகிலாகத் திரள்கிறது. உச்சியில் நீர் உறைந்து பனித்துகள்களாகிறது. அவை ஒன்றோடொன்று மோதும்போது முகிலுக்குள் மின்னேற்றம் பிரிகிறது. அது தாங்கமுடியாத அளவுக்குச் சேரும்போது மின்னலாகப் பாய்கிறது. மின்னல் செல்லும் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை சூடாகி வெடித்து விரிகிறது. அந்தச் சத்தமே இடி. மழைக்கு முன்னால் வரும் குளிர்காற்று, அதே முகிலில் இருந்து கீழே விழுந்து நிலத்தில் பரவும் காற்று. அது முகத்தில் படும்போது முகில் கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி, போர்க்காலப் பழக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, எண்ணுவது. தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம் கேட்டால் அது வந்து விழும்வரை எண்ணியவர்கள் நாங்கள். அந்த எண்ணிக்கை, வரப்போகும் ஆபத்துக்கு மிச்சமிருந்த நேரம். மின்னலைக் கண்டு இடி கேட்கும்வரை எண்ணுவது வேறு கணக்கு. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 செக்கன் எடுக்கும். 9 செக்கன் என்றால் அந்த மின்னல் 3 கிலோமீற்றருக்கு அப்பால் பாய்ந்திருக்கிறது. அது முடிந்துபோன மின்னலின் தூரம் மட்டுமே. அடுத்தது எங்கே பாயும் என்பதை எந்த எண்ணிக்கையும் சொல்லாது. எனவே 30 செக்கனுக்குள் இடி கேட்டால் உடனே உள்ளே போய்விட வேண்டும். முகில் தலைக்கு மேல் வரவேண்டும் என்றில்லை. மழை பெய்யாத இடத்திலும், முகிலுக்குப் பல கிலோமீற்றர் தள்ளியும் மின்னல் விழும்.

இரண்டாவது, விழுந்து படுப்பது. ஷெல் சிதறல்கள் மேலே பறக்கும், ஆகவே தரையோடு படுத்தோம். மின்னல் ஓர் இடத்தில் விழுந்தால் அதன் மின்சாரம் நிலத்தின் வழியாகச் சுற்றிலும் பரவுகிறது. நிலத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் கூடக் கூட, உடம்பினூடாகப் பாயும் மின்சாரமும் கூடும். மரத்தடியில் நின்ற மாடுகள் ஒரேயடியில் சாவதற்குக் காரணம் இதுதான். அவற்றின் முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடைவெளி அதிகம். வெட்டவெளியில் அகப்பட்டால் நிற்காமல் கட்டிடத்தையோ மூடிய வாகனத்தையோ நோக்கிப் போங்கள். எந்த வழியும் இல்லாவிட்டால் மட்டும் இரண்டு பாதங்களையும் சேர்த்துக் குந்தியிருங்கள். அது பாதுகாப்பல்ல, படுப்பதைவிட ஆபத்துக் குறைவு, அவ்வளவுதான்.

மூன்றாவது, மரத்தடி. விமானத்தின் கண்ணில் படாமல் இருக்க மரங்களுக்குக் கீழே ஒதுங்கினோம். உயர்ந்து தனித்து நிற்கும் பனையையும் தென்னையையும்தான் மின்னல் முதலில் தேடும். வட்டிழந்து நிற்கும் பனைகள் எல்லாமே ஷெல் பட்டவை அல்ல, மின்னல் விழுந்தவையும் உண்டு. மரத்தில் விழும் மின்னல் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கும் தாவும்.

நான்காவது, சத்தம் ஓய்ந்ததும் வெளியே ஓடுவது. அள்ளவேண்டியதை அள்ளிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட அன்று அந்த இடைவெளிதான் கிடைத்தது. இடிமழையில் கடைசி இடி கேட்டு 30 நிமிடம் பொறுத்திருக்க வேண்டும்.

எங்கே ஒதுங்குவது? மின்னிணைப்பும் தண்ணீர்க் குழாயும் உள்ள கல்வீடு, பாடசாலை, பொதுநோக்கு மண்டபம் ஆகியவை நல்ல இடங்கள். உள்ளே இருந்தாலும் குளிப்பதையும், மின்கம்பியில் இணைத்த பொருட்களைத் தொடுவதையும் தவிர்க்க வேண்டும். முகில் கறுக்கும்போதே ரீவி, அன்ரனா இணைப்புகளைக் கழற்றிவிடலாம். சார்ஜில் இல்லாத கைத்தொலைபேசியால் ஆபத்தில்லை. இன்றும் தகரக் கொட்டிலில் இருப்பவர்களின் நிலைதான் கடினம். தகரம் மின்னலை இழுக்கும் என்பது உண்மையல்ல. ஆனால் அந்த மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோக ஒழுங்கான பாதை இல்லாத கொட்டில் பாதுகாப்பும் தராது. காற்று தகரத்தைக் கழற்றி எறியும் ஆபத்து வேறு.

பயணத்திலும் இதே கேள்வி எழுகிறது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் பிற்பகலில் மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஒதுங்குவதற்கு ஒரு கல்கட்டிடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகிறேன். வெளிகளும் வயல்களுமாக நீளும் பகுதிகளில் அது நெடுந்தூரம். பஸ், வான், கார் பாதுகாப்பானவை. காரணம் ரயரின் றப்பர் அல்ல, ஆட்களைச் சுற்றியுள்ள இரும்புக்கூடு. அது மின்சாரத்தை வெளிப்புறமாகவே நிலத்துக்குக் கடத்துகிறது. பக்கங்கள் திறந்த ஆட்டோவும், சைக்கிளும், மோட்டார் சைக்கிளும் அந்தப் பாதுகாப்பைத் தரா. நீண்ட வெயிலுக்குப் பின் விழும் முதல் மழையில் வீதியின் தூசியும் எண்ணெயும் சேர்ந்து வழுக்கும். முறிந்த கொப்புகளோடு மின்கம்பியும் வீதியில் கிடக்கலாம். அதைத் தாண்டிப் போகவே கூடாது.

பனை சீவுபவர் பின்னேரம் மரமேற வேண்டும். களப்பில் இறால் பிடிப்பவருக்கும், சிறுபோக வயலில் நிற்பவருக்கும் வேலை வெட்டவெளியில்தான். உள்ளே போ என்று அவர்களுக்குச் சொல்வது ஒரு நாள் உழைப்பை விடு என்று சொல்வதுதான். அதனால்தான் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மின்னல் எச்சரிக்கை அவர்களுக்குத் தமிழில், மதியத்துக்கு முன்பே போய்ச்சேர வேண்டும். வேலையை ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ வைக்க அது உதவும்.

மின்னல் தாக்கியவரைத் தொடுவதற்குப் பயப்பட வேண்டாம். அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. பலருக்கு இதயமும் மூச்சும்தான் நின்றிருக்கும். உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்தால் பிழைக்க வாய்ப்புண்டு. 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இடிக்கு என்ன செய்வது என்பதை எம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். நாம் படுத்தால் அவர்களும் படுப்பார்கள். வானம் வெளித்திருக்கும் ஒரு காலையில், இடி இடித்தால் எந்த வீட்டுக்கு ஓடுவது என்று அவர்களோடு நடந்துபோய்க் காட்டி வையுங்கள்.