கப்பலில் தீ: தெரிந்திருக்க வேண்டியவை

கடல் எம்மவருக்குப் புதிதல்ல. ஆனால் புலம்பெயர்ந்து வந்த நாடுகளில் நாம் ஏறும் கப்பல்கள் புதியவை. நோர்வே, சுவீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் வாழும் எமது குடும்பங்கள் உறவினரைக் காணவும் விடுமுறையைக் கழிக்கவும் இரவுக் கப்பல்களில் பயணம் செய்வது வழமை. ஏறியதும் கடைகளையும் உணவகத்தையும் தேடுகிறோம். கபின் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு வரைபடத்தை எத்தனை பேர் வாசிக்கிறோம்?

வீட்டில் தீப்பிடித்தால் தீயணைப்புப் படையைக் கூப்பிடலாம், வெளியே ஓடலாம். நடுக்கடலில் இரண்டும் உடனே கிடைக்காது. அங்கே மாலுமிகளும் பணியாளர்களுமே தீயணைப்புப் படை. அவர்கள் பயிற்சி பெறாதவர்களாயின் என்ன நடக்கும் என்பதை 1990ஆம் ஆண்டு உலகம் கண்டது.

ஸ்கண்டிநேவியன் ஸ்டார்

1990 ஏப்ரல் 7ஆம் திகதி அதிகாலை. ஒஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் பிரெடரிக்ஸ்ஹவன் துறைமுகம் நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'ஸ்கண்டிநேவியன் ஸ்டார்' என்னும் பயணிகள் கப்பலில் சுமார் 480 பேர் இருந்தனர். முதலில் சிறிய தீ ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு அணைக்கப்பட்டது. இரண்டு மணியளவில் வேறோர் இடத்தில் இரண்டாவது தீ மூண்டது. அதனைக் கட்டுப்படுத்த முடியவில்லை. 159 பேர் மாண்டனர். பெரும்பாலானோர் நோர்வே நாட்டவர்.

அவர்களில் மிகப் பெரும்பான்மையினரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. நடைபாதைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் எரிந்து, காபன் மொனொக்சைட்டு, ஐதரசன் சயனைட்டு ஆகிய நச்சு வாயுக்கள் சில நிமிடங்களில் பரவின. காற்றோட்ட இயந்திரம் நிறுத்தப்பட்டதும் அதுவரை தடுக்கப்பட்டிருந்த புகை கபின்களுக்குள் நுழைந்தது. பலர் தங்கள் கபின்களிலேயே இறந்து கிடந்தனர்.

தீயை வைத்தது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை முடிவான விடை இல்லை. ஆனால் இத்தனை உயிர்கள் ஏன் போயின என்பதற்குரிய காரணங்கள் விசாரணைகளில் தெரியவந்தன. கப்பல் அந்தப் பாதையில் ஓடத் தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. பணியாளர்கள் அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்கள். தீயணைப்பு ஒத்திகை எதுவும் நடத்தப்படவில்லை. அபாயமணி பல கபின்களில் சரியாகக் கேட்கவில்லை. மூடப்பட்டிருக்க வேண்டிய தீத்தடுப்புக் கதவுகள் சில திறந்தே கிடந்தன. பணியாளர்களிற் பலர் போர்த்துக்கல் நாட்டவர். அவர்களிற் பலருக்கு ஆங்கிலமும் தெரியாது, பயணிகளின் மொழியும் தெரியாது. வழி காட்ட வேண்டியவருக்கும் வழி கேட்டவருக்கும் இடையே பேச மொழி இருக்கவில்லை. புதிய நாட்டில் மொழி தெரியாமல் நின்ற அனுபவம் உள்ள எமக்கு இதன் கொடுமை சொல்லாமலே விளங்கும்.

அதன் பின்னர்

இலண்டனில் தலைமையகத்தைக் கொண்ட சர்வதேச கடல்சார் அமைப்பு விதிகளை இறுக்கியது. புகை உணர்கருவிகளும், தானாக நீர் தெளிக்கும் குழாய்களும், புகைக்குள் தவழ்ந்து செல்பவருக்கும் தெரியும்படி தரையோரமாக வழிகாட்டும் விளக்குகளும் பயணிகள் கப்பல்களுக்குக் கட்டாயமாகின. கப்பல் நிறுவனங்களின் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான விதிக்கோவை 1998 ஜூலை முதல் பயணிகள் கப்பல்களில் நடைமுறைக்கு வந்தது.

மாலுமிகளின் பயிற்சி பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் 1995இல் திருத்தப்பட்டது. இன்று கடற்பணிக்குச் செல்பவர் தீத்தடுப்பும் தீயணைப்பும் கற்றே ஆகவேண்டும். ஏட்டுக் கல்வி மட்டும் போதாது. எண்ணெய்த் தீ, மின்சாரத் தீ ஆகியவற்றைத் தம் கையாலேயே அணைத்துக் காட்ட வேண்டும். எரியும் எண்ணெயில் நீரைப் பாய்ச்சினால் தீ பரவும். அதற்கு நுரை வேண்டும். மின்கருவியில் பற்றிய தீக்குக் காபனீரொட்சைட்டு பொருத்தமானது. சுவாசக் கருவி அணிந்து, புகை நிறைந்த அறைக்குள் நுழைந்து, தீயை அணைக்கவும் அகப்பட்டவரை மீட்கவும் பழக வேண்டும். இத்திறமை மங்கவில்லை என்பதை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். இவற்றுக்கு மேலாக, ஒவ்வொரு பணியாளரும் மாதம் ஒரு முறையாவது கப்பலில் நடக்கும் தீயணைப்பு ஒத்திகையில் பங்குபற்ற வேண்டும்.

மொழி தெரியாத பயணியை மறந்துவிடவில்லை. பயணிகளுக்கு உதவும் பணியாளர்கள் கைச்சைகையாலும் செய்து காட்டியும் விளங்கவைக்கும் வழிகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பது விதி.

நாம் செய்யக்கூடியவை

விதிகள் எவ்வளவு இருந்தாலும் எமது பங்கும் உண்டு.

1. கபினுக்குப் போனதும் வரைபடத்தைப் பாருங்கள். அவசர வழிவரை குடும்பமாக ஒருமுறை நடந்து பாருங்கள். இடையில் எத்தனை கதவுகள் என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் தெரியாது, கைதான் தெரியும்.

2. ஏழு குறுகிய ஒலிகளும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது பொது அபாய அறிவிப்பு. பைகளைத் தேடாது, ஒன்றுகூடும் இடத்துக்குச் செல்லுங்கள்.

3. புகை இருந்தால் குனிந்தோ தவழ்ந்தோ செல்லுங்கள். மின்தூக்கியைப் பாவிக்க வேண்டாம். கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள்.

4. கபினுக்குள் மின்னடுப்போ சோறு சமைக்கும் மின்பானையோ பாவிக்காதீர்கள். கைத்தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்து மின்னேற்ற வேண்டாம்.

5. பிள்ளைகளுக்கு அளவான உயிர்காப்பு அங்கி எங்கே என்று ஏறியவுடனேயே கேளுங்கள்.

இன்னுமொன்று. எங்கள் வீடுகளில் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் பிள்ளைகளே. ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தால் தாய் தந்தையர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கின்றனர். நள்ளிரவில் அந்தப் பிள்ளை அடுத்த கபினில் உறங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே தீ, வெளியேறும் வழி, உதவி ஆகிய மூன்று சொற்களையேனும் நாம் வாழும் நாட்டின் மொழியில் பெரியவர்கள் கேட்டு அறியவும் சொல்லவும் பழகிக்கொள்ள வேண்டும். பாட்டா, பாட்டிமாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை கட்டச் சொன்னவர்கள் எம் முன்னோர். அடுத்த பயணத்தில் பெட்டிகளை இறக்கி வைத்தபின், உணவகத்துக்குப் போகுமுன், ஐந்து நிமிடம் இதற்கென ஒதுக்குங்கள்.