ஏர் ஃபிரையர் எதைக் குறைக்கும், எதைக் குறைக்காது?

இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கு உணவு முறையை விளக்கும்போது, "எந்த எண்ணெய் நல்லது?" என்ற கேள்வியே எங்கள் உணவியல் பிரிவில் முன்பெல்லாம் அதிகமாக எழும். அண்மைக் காலமாக அதனுடன் மற்றொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. "ஏர் ஃபிரையர் வாங்கிவிட்டோம். இனி வடை, வறுவல் எல்லாம் கொடுக்கலாம் அல்லவா?"

இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. காரணத்தை ஒரு குடும்பத்தின் அனுபவத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

இதய இரத்தக் குழாய் அடைப்புக்குச் சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவர், அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாத சோற்றைப் பாதியில் ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவதை வழக்கமாக்கிக் கொண்டிருந்தார். அவருடைய உடல் மெலிவதைக் கண்டு கவலையுற்ற மகள், ஓவன் வகை ஏர் ஃபிரையர் ஒன்றை வாங்கி வந்தார். தந்தை மீண்டும் வயிறார உண்ணத் தொடங்கினார். வீட்டில் நிம்மதி திரும்பியது. ஆனால் அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது அவருடைய இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. கணுக்கால்களில் வீக்கமும் இருந்தது. அன்றாட உணவை விசாரித்ததில், மதியம் மூன்று நான்கு அப்பளங்களும், மாலையில் கடையில் வாங்கிய உறைநிலைச் சிற்றுண்டியும் இடம்பெற்றிருந்தது தெரியவந்தது. "ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றவில்லையே!" என்று மகள் வருந்தினார். அவர் கூறியது உண்மையே. எண்ணெய் இல்லை, உப்பு இருந்தது.

இக்கருவி எண்ணெயைக் குறைக்கும். எண்ணெயைத் தவிர வேறெதையும் குறைக்காது. இதை மனத்தில் கொண்டு பயன்படுத்தினால், பத்திய உணவால் சலித்துப்போன நாவுக்கு இது நல்லதொரு துணை.

காற்று எவ்வாறு பொரிக்கிறது?

பெயரில் 'பொரித்தல்' இருந்தாலும், இக்கருவி உண்மையில் உணவைச் சுடுகிறது. மேற்பகுதியில் மின்வெப்பக் கம்பிச்சுருள் இருக்கும். அதன் அருகில் உள்ள விசிறி, சூடான காற்றை உணவின் மீது விரைவாகச் சுழலச் செய்யும். 2010ஆம் ஆண்டில் பெர்லின் நகரக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் 'ஏர்ஃபிரையர்' என்ற பெயரில் கூடை வடிவக் கருவியை அறிமுகப்படுத்திய பின்னரே இப்பெயர் பரவியது. விசிறி பொருத்திய ஓவன்கள் அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தன.

எண்ணெயைப் போல் காற்று வெப்பத்தை விரைவாகக் கடத்துவதில்லை. 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள ஓவனைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும், அவ்வளவே. அதே சூட்டில் உள்ள எண்ணெய் ஒரு துளி தெறித்தாலும் கொப்புளம் எழும். மேலும், சூடாகும் உணவைச் சுற்றி ஈரமான, சற்றுக் குளிர்ந்த காற்றுப் படலம் ஒன்று தங்கிவிடும். விசிறியின் வேலை அப்படலத்தை இடைவிடாது அகற்றுவதாகும். காற்று வீசும் நாளில் கொடியில் இட்ட துணி விரைவில் உலர்வது இதே காரணத்தால்தான்.

உணவின் மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அதன் சூடு ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டாது. நீர் ஆவியாகி, மேற்பரப்பு 140 டிகிரியை நெருங்கும்போது, மாவுப்பொருளிலும் புரதத்திலும் உள்ள கூறுகள் வினைபுரிந்து பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912ஆம் ஆண்டில் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் இது 'மெயார் வினை' எனப்படுகிறது. ஆகவே மொறுமொறுப்புக்குத் தேவையானவை இரண்டு: உலர்ந்த மேற்பரப்பும் தடையின்றி ஓடும் காற்றும். கருவியைப் பயன்படுத்தும் முறைகள் யாவும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன.

ஓவன் வகைக்குரிய பழக்கங்கள்

கூடை வகையில் சிறிய இடத்துக்குள் காற்று நெருக்கமாகச் சுழலும். ஓவன் வகையில் முன்புறக் கண்ணாடிக் கதவும், ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகளும் உண்டு. உட்புறம் பெரியது என்பதால் குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே முறையில் சமைக்கலாம். நிறம் மாறுவதைக் கண்ணாடி வழியே கவனிக்கலாம். அதற்கேற்பச் சில பழக்கங்கள் தேவை.

முதலில், வெற்றுக் கருவியை 5 நிமிடம் சூடேற்றிய பின்னரே உணவை உள்ளே வைக்கவும். காய், மீன் போன்றவற்றைத் தூய துணியால் ஒற்றி ஈரத்தை நீக்கவும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் ஒற்றை அடுக்காக, இடைவெளி விட்டுப் பரப்பவும். துளையுள்ள தட்டை முழுவதும் தாளால் மூடினால் காற்று ஓட வழியின்றிப் போகும். உணவு வெந்துவிடும், ஆனால் மொறுமொறுப்பாகாது. வெப்பச்சுருளுக்கு அருகில் உள்ள மேல்தட்டு விரைவில் சிவக்கும் என்பதால், பாதி நேரத்தில் தட்டுகளை இடம் மாற்றி, துண்டுகளைத் திருப்பிவிடவும். சாதாரண ஓவனுக்கு எழுதப்பட்ட குறிப்பைப் பின்பற்றும்போது, வெப்பநிலையை 20 டிகிரி குறைத்து, குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே பார்க்கவும்.

எண்ணெயை முற்றிலும் தவிர்க்க வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 40 கலோரி உள்ளது. நான்கு பேருக்கான காய்கறியில் அதைத் தேய்த்துப் பிசிறினால், ஒருவருக்குக் கிடைப்பது மிகச் சிறிய அளவே. நிறமும் சுவையும் நன்கு கூடும்.

நம் சமையலுக்கு எது பொருந்தும்?

கோவைக்காய், வெண்டைக்காய், சேனைக்கிழங்கு, மசாலா தடவிய மீன், வேர்க்கடலை ஆகியவை இதில் நன்கு அமையும். பஜ்ஜி மாவும் உளுந்து வடை மாவும் பொருந்தா. கொதிக்கும் எண்ணெயில் அவை விழுந்த கணத்திலேயே மேலுறை இறுகிவிடும். காற்றில் அவ்வாறு இறுகுமுன் மாவு தட்டின் துளைகள் வழியே ஒழுகிவிடும்.

மசால் வடையைச் செய்யலாம். கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்கு வடித்து, தண்ணீர் சேர்க்காமல் கொரகொரப்பாக அரைக்கவும். வெங்காயம், இஞ்சி, சோம்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை நறுக்கிச் சேர்க்கவும். உப்பைப் பாதியாகக் குறைத்தாலும் இஞ்சியும் சோம்பும் அக்குறையை ஈடுசெய்யும். மெல்லிய வடைகளாகத் தட்டி, இருபுறமும் எண்ணெயை லேசாகத் தடவி, 180 டிகிரியில் 10 நிமிடமும், திருப்பிப் போட்டு மேலும் 5 அல்லது 6 நிமிடமும் வைக்கவும். கருவிக்குக் கருவி நேரம் சற்று மாறும். இது எண்ணெயில் பொரித்த வடையின் சுவையை முழுமையாகத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆறினால் கெட்டியாகிவிடும், ஆகவே சூடாகவே பரிமாறவும்.

பொரித்த எண்ணெயைச் சேமித்து மீண்டும் மீண்டும் காய்ச்சும் வழக்கம் இதனால் நின்றுபோவது ஒரு பெரும் நன்மை. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் பெருகுகின்றன. இவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது.

நோய்க்கேற்ற எச்சரிக்கைகள்

இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள்: ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அப்பளம், வற்றல், வடகம், உறைநிலைச் சிற்றுண்டிகள் ஆகியவற்றில் உப்பு முன்பே சேர்ந்துள்ளது. சுட்டாலும் பொரித்தாலும் அது மாறாது. பாக்கெட்டில் சோடியம் அளவைப் படித்த பின்னரே வாங்கவும்.

நீரிழிவு உள்ளவர்கள்: உருளைக்கிழங்கின் மாவுச்சத்து இக்கருவியில் குறைவதில்லை. எண்ணெய் இல்லை என்ற துணிவில் இரு மடங்கு உண்டால் சர்க்கரை உயரும். வறுவலைச் சோற்றுக்குத் துணையாகக் கூட்டாமல், சோற்றின் அளவைக் குறைத்து அதற்கு ஈடாக வைக்கவும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள்: பொட்டாசியத்தைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்டிருந்தால், பச்சைக் கிழங்கையோ வாழைக்காயையோ நேராக இக்கருவியில் வைக்க வேண்டாம். பொட்டாசியம் நீரில் கரைந்து வெளியேறுவது. உலர்ந்த வெப்பத்தில் அது உணவிலேயே தங்கிவிடும். சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, பின்னர் சில நிமிடம் மட்டும் மொறுமொறுப்பாக்கவும். அவ்வாறு செய்தாலும் பொட்டாசியம் ஓரளவே குறையும். எவ்வளவு உண்ணலாம் என்பதை உங்கள் உணவியல் நிபுணரிடம் கேட்டறியவும்.

புற்றுநோய் சிகிச்சையிலும், உறுப்பு மாற்றத்துக்குப் பிறகும் இருப்பவர்கள்: நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் காலத்தில் அரைவேக்காட்டு இறைச்சி ஆபத்தானது. கோழித்துண்டு வெளியே சிவந்துவிட்டதால் உள்ளே வெந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. உணவு வெப்பமானியைத் தடித்த பகுதியில் செருகி, 74 டிகிரி காட்டுகிறதா எனப் பார்க்கவும். வாய்ப்புண் உள்ளபோதும், விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளபோதும் மொறுமொறுப்பான உணவே வேண்டாம். அக்காலத்தில் இட்லியும் குழைந்த சோறுமே நல்லவை.

அனைவருக்கும் ஒரு குறிப்பு. மாவுச்சத்து மிகுந்த உணவை 120 டிகிரிக்கு மேல் உலர்ந்த சூட்டில் வைக்கும்போது அக்ரிலமைடு என்னும் பொருள் உருவாவது 2002ஆம் ஆண்டில் சுவீடனில் கண்டறியப்பட்டது. விலங்குகளில் அதிக அளவில் இது புற்றுநோயை உண்டாக்கியுள்ளது. அஞ்சத் தேவையில்லை, கவனம் போதும். நறுக்கிய உருளைக்கிழங்கை 15 முதல் 30 நிமிடம் நீரில் ஊறவைத்து, துடைத்துப் பயன்படுத்தவும். பொன்னிறத்தில் நிறுத்திவிடவும், கரும்பழுப்பாக விடாதீர்கள்.

வீட்டில் பாதுகாப்பு

இவ்வகைக் கருவிகள் பல 1,500 வாட் அல்லது அதற்கு மேல் மின்சாரம் எடுப்பவை. நம் வீடுகளில் உள்ள சிறிய 6 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 1,380 வாட் வரையே தாங்கும். ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில் நேராக இணைக்கவும். நீட்டிப்புக் கம்பி வேண்டாம். பின்புறம் சூடான காற்று வெளியேறுவதால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கவும்.

அப்பளம், உதிர்ந்த கறிவேப்பிலை, வெறும் பட்டர் தாள் போன்ற எடையற்ற பொருள்கள் காற்றில் பறந்து வெப்பச்சுருளில் ஒட்டித் தீப்பற்றக்கூடும். அப்பளம் சுட நேர்ந்தால் மேலே ஒரு கம்பித் தட்டைக் கவிழ்த்து வைத்து, அருகிலேயே நிற்கவும். அடித்தட்டில் சொட்டிய கொழுப்பை ஒவ்வொரு முறையும், கருவி ஆறிய பின் கழுவவும். புகை எழுவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

நீரிழிவால் கைகளில் உணர்விழப்பு ஏற்பட்டவர்களுக்குச் சூடு தெரியாமலே புண் ஏற்படலாம். முழங்கை வரை மூடும் தடித்த கையுறை அணியவும். இயன்றால் தட்டை வேறொருவர் எடுப்பதே நன்று. வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர், கருவி இயங்கும்போது சமையலறைக்குள் வர வேண்டாம்.

முதலில் குறிப்பிட்ட முதியவரின் வீட்டில் அக்கருவி இன்றும் இயங்குகிறது. அப்பளம் வாரத்தில் ஒரு நாள், ஒன்று மட்டும். மற்ற நாள்களில் எலுமிச்சையும் மிளகும் தூவிய கோவைக்காயோ வெண்டைக்காயோ மொறுமொறுப்பாகத் தட்டுக்கு வருகிறது. சோற்றை ஒதுக்கிவிட்டு அவர் எழுவதில்லை. கால் வீக்கம் வடிந்துள்ளது.

உங்கள் வீட்டிலும் இக்கருவி இருந்தால், அதில் என்னென்ன சமைக்கிறீர்கள் என்பதை ஒரு வாரம் குறித்துவைத்து, அடுத்த முறை வரும்போது எங்களிடம் காட்டுங்கள். அப்பட்டியலில் எதைத் தொடரலாம், எதை மாற்றலாம் என்பதை உங்கள் பரிசோதனை முடிவுகளுடன் சேர்த்துப் பார்த்துச் சொல்லக் காத்திருக்கிறோம்.