அடிக்கடி பறக்கும் வியாபாரிக்கு எந்த மைல் திட்டம் பொருத்தம்?

நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்னர் எனது நானா ஹெவ்லொக் டவுனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, பேர்ஸில் இருந்து ஐந்து பிளாஸ்டிக் அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல எல்லாத்திலயும் எவ்வளவு சல்லி இருக்கெண்டு பார்த்துச் சொல்லு தம்பி. உம்மாவ உம்ராவுக்கு அனுப்பலாமா எண்டு யோசிக்கிறன்" என்றார்.

நானா புறக்கோட்டையில் பங்காளி ஒருவருடன் சேர்ந்து புடைவைக் கடை நடத்துகிறார். சரக்கு எடுக்க பேங்கொக், டுபாய், சென்னை என்று வருடத்தில் பத்துப் பதினொரு தடவை போய் வருகிறார். நான் கணித ஆசிரியர். வருடத்துக்கு ஒரு தடவைகூட விமானம் ஏறுவதில்லை. ஆனால் அந்த ஐந்து அட்டைகளின் கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஓர் இரவு முழுவதும் தேவைப்பட்டது. இரண்டில் இருந்த மைல்கள் காலாவதியாகிப் போயிருந்தன. ஒன்றின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. மிச்சம் இரண்டிலும் இருந்ததைச் சேர்த்தாலும் சென்னைக்கு ஒருவழி டிக்கட் எடுக்கப் போதாது. பத்து வருடங்களுக்கு மேலாகப் பறக்கும் மனிதரின் நிலை இது. நம் வியாபாரிகளில் கணிசமானோர் இதே நிலையில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தவறு எங்கே நடந்தது என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். கொழும்பில் இருந்து பேங்கொக் போய் வர ஏறத்தாழ 3,000 மைல்கள். டுபாய்க்கு 4,000. சென்னைக்கு 850 அளவில். நானா ஒரு வருடத்தில் பேங்கொக்குக்கு நான்கு தடவை, டுபாய்க்கு மூன்று தடவை, சென்னைக்கு நான்கு தடவை போனால் மொத்தம் 27,400 மைல்கள். பல திட்டங்களில் முதலாவது உயர்தர நிலை 25,000 அளவில் தொடங்குகிறது. எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸிலும் சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரிலும் வெள்ளி நிலைக்கு 25,000, தங்க நிலைக்கு 50,000 என்பதே அளவுகோல். அதாவது எல்லாம் ஒரே கணக்கில், முழு வீதத்தில் சேர்ந்திருந்தால் நானா ஒவ்வொரு வருடமும் அந்தப் படியைத் தொட்டிருப்பார். ஐந்து கணக்குகளில் சிதறியதால் ஒன்றிலும் தொடவில்லை.

"முழு வீதத்தில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். ஒரே விமானத்தில், ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் இருவருக்குக் கிடைக்கும் மைல்கள் ஒன்றாக இருப்பதில்லை. டிக்கட்டில் ஒரு ஆங்கில எழுத்தில் கட்டண வகுப்பு இருக்கும். மலிவான வகுப்புக்குக் கால் பங்கு மைல்கள்தான் கிடைக்கும். சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. எமிரேட்ஸ் தனது கட்டணங்களை ஸ்பெஷல், சேவர், ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸ் பிளஸ் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மைல் தருகிறது. நானாவின் 27,400 மைல்களும் கால் பங்கு வீதத்தில் சேர்ந்தால் 6,850. அதற்கு எந்த நிலையும் இல்லை. ஆகவே டிக்கட் எடுத்துத் தரும் ஏஜென்டிடம் விலையோடு சேர்த்து, "இந்த வகுப்புக்கு எத்தனை வீதம் மைல்?" என்றும் கேளுங்கள். விலை வித்தியாசம் சிறிதென்றால் மேல் வகுப்பு லாபமாகலாம். பெரிதென்றால் மைலை மறந்துவிட்டு மலிவானதையே எடுங்கள். மைலுக்காகக் காசை வீசுவது வியாபாரம் இல்லை.

இனி, எந்தத் திட்டம்? "எந்த விமானம் நல்லது" என்று பலர் தொடங்குகிறார்கள். அடுத்த இரண்டு வருடங்களில் நீங்கள் எந்த ஊர்களுக்குப் போகப் போகிறீர்கள் என்பதில் இருந்து தொடங்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளைப் பார்த்து ஒரு தாளில் எழுதினாலே பாதி விடை வந்துவிடும்.

இங்கே விமானக் கூட்டணிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டார் அலையன்ஸ் 1997இலும், வன்வேர்ல்ட் 1999இலும், ஸ்கைடீம் 2000இலும் உருவாயின. ஒரு கூட்டணியில் உள்ள எந்த விமானத்தில் பறந்தாலும், அதே கூட்டணியில் உள்ள வேறொரு நிறுவனத்தின் கணக்கில் மைல்களைச் சேர்க்கலாம். பறக்கும் விமானத்தின் அட்டையைத்தான் காட்ட வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. நானாவுக்கு இது தெரியாது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை எடுத்ததன் காரணம் அதுதான்.

நமது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே 1ஆம் திகதி வன்வேர்ல்டில் இணைந்தது. கட்டார் எயார்வேஸ், மலேசியா எயார்லைன்ஸ், கதே பசிபிக், பிரிட்டிஷ் எயார்வேஸ் ஆகியவையும் அதில் உள்ளன. எனவே சென்னை, பேங்கொக், டுபாய் என்று ஸ்ரீலங்கனில் போய், இடையிடையே கோலாலம்பூருக்கோ தோஹாவுக்கோ ஹொங்கொங்குக்கோ இவற்றில் பறப்பவருக்கு ஸ்ரீலங்கனின் ஃபிளைஸ்மைல்ஸ் இயல்பான தெரிவு. நானாவின் பயணங்களுக்கு நான் அதைத்தான் சொன்னேன். டுபாய் வழியாகவே ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் போகிறவர்களின் கதை வேறு. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஆனால் 2018 முதல் ஃபிளைடுபாயிலும் ஸ்கைவார்ட்ஸ் மைல்களே சேர்கின்றன. அந்த வழியில் பறப்பவருக்கு வேறு திட்டம் தேட வேண்டியதில்லை.

பேருவளை சீனங்கோட்டை மாணிக்க வியாபாரிகளுக்கு இது சற்றுச் சிக்கலானது. பேங்கொக் பக்கம் தாய் எயார்வேஸும் சிங்கப்பூர் எயார்லைன்ஸும் ஸ்டார் அலையன்ஸ். ஹொங்கொங் பக்கம் கதே பசிபிக் வன்வேர்ல்ட். வருடத்தில் எந்த ஊருக்கு அதிகம் என்று எண்ணிப் பார்த்து ஒரு பக்கம் சாய வேண்டும். இரண்டிலும் கால் வைத்தால் இரண்டிலும் கீழ்ப்படியில்தான் நிற்க வேண்டிவரும். சவூதிக்கு அடிக்கடி போகும் முகவர்களுக்கு சவூதியாவின் அல்ஃபுர்சான் திட்டம் உண்டு. சவூதியா 2012இல் ஸ்கைடீமில் சேர்ந்தது. சைனா ஈஸ்டர்னும் அதே கூட்டணி என்பதால் சீனாவுக்கும் போகிறவருக்கு அது உதவலாம்.

சென்னைக்கு மட்டும் போய் வருபவருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மாதம் ஒரு தடவை போனாலும் வருடத்துக்குப் பத்தாயிரம் மைல்தான். தூரத்தை வைத்து அவர் எங்கும் ஏற முடியாது. பறப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து நிலை கொடுக்கும் திட்டம் இருந்தால் அதைத் தேடலாம். இல்லாவிட்டால் மலிவான டிக்கட்டே அவருக்குச் சிறந்த திட்டம்.

மைல் என்றதும் எல்லோரும் இலவச டிக்கட்டையே நினைக்கிறார்கள். அது முழுக்க இலவசமும் இல்லை. விமான நிலைய வரியும், பல நிறுவனங்களில் மேலதிகக் கட்டணமும் கையில் இருந்து போகும். அதற்கென ஒதுக்கும் ஆசனங்களும் கொஞ்சம்தான்; நோன்பு, ஹஜ், டிசம்பர் விடுமுறைக் காலங்களில் கிடைப்பது அரிது. நம் வியாபாரிக்கு அதைவிடப் பெறுமதியானது உயர்தர நிலையோடு வரும் மேலதிகப் பயணப்பொதி. ஸ்டார் அலையன்ஸின் தங்க நிலையில் 20 கிலோ அதிகம் கொண்டுவரலாம். வன்வேர்ல்டிலும் மேல் நிலைகளுக்கு மேலதிகப் பொதி உண்டு. ஒவ்வொரு பயணத்திலும் மாதிரித் துணிகளோடு வந்து கவுன்டரில் மேலதிக நிறைக்குக் காசு கட்டும் நானாவுக்கு, ஒரு வருடத்தில் மிஞ்சுவது இந்தப் பொதியில்தான். லவுஞ்சில் உட்கார்ந்து கோப்பி குடிப்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

காலாவதி விதியும் திட்டத்துக்குத் திட்டம் வேறு. கிரிஸ்ஃபிளையரில் மைல் சேர்ந்து மூன்று வருடங்களில் போய்விடும், இடையில் எத்தனை தடவை பறந்தாலும். கட்டார் எயார்வேஸ் 2022 முதல் பயன்படுத்தும் ஏவியோஸ் புள்ளிகள், 36 மாதங்களுக்குள் கணக்கில் ஏதாவது ஓர் அசைவு இருந்தால் உயிரோடு இருக்கும். உம்ராவுக்கென்று மெதுவாகச் சேர்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. அதேநேரம் மைல் என்பது வங்கி வைப்பு அல்ல. 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸின் முகாமைத்துவத்தில் ஸ்ரீலங்கன் இருந்த காலத்தில் இங்கேயும் ஸ்கைவார்ட்ஸ்தான் புழக்கத்தில் இருந்தது. அந்த உறவு முடிந்த பின்னர்தான் ஃபிளைஸ்மைல்ஸ் வந்தது. இந்தியாவின் ஜெட் எயார்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் திகதி பறப்பதையே நிறுத்தியது. நிறுவனங்களும் விதிகளும் மாறும். சேர்த்ததை வருடக்கணக்கில் பூட்டி வைக்காமல், தேவைக்குப் போதுமானது வந்ததும் பயன்படுத்திவிடுவதே நல்லது.

நம் பெயர்களால் வரும் தொல்லை ஒன்றும் உண்டு. முஹம்மத் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பாஸ்போர்ட்டில் ஒன்று, டிக்கட்டில் ஒன்று, அட்டையில் வேறொன்று. ஒன்றில் வாப்பாவின் பெயர் முழுதாக, இன்னொன்றில் முதலெழுத்து மட்டும். பெயர் பொருந்தாவிட்டால் மைல் கணக்கில் ஏறாது. நானாவின் இரண்டு டுபாய்ப் பயணங்கள் இப்படித்தான் காணாமல் போயிருந்தன. அட்டைக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பதியுங்கள். மைல் கணக்கில் வரும்வரை போர்டிங் பாஸை வீசாதீர்கள். தவறினால் பின்னர் கோரிப் பெறலாம், ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு. கடனட்டையில் மைல் சேர்ப்பதாக விளம்பரம் வந்தால், மாத முடிவில் முழுத் தொகையையும் கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். வட்டியில் விழுந்து வாங்கும் மைல் நமக்கு எதற்கு? அது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். நான் அதற்குத் தகுதியானவன் இல்லை.

எல்லாம் விளக்கி முடித்த பின் நானாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "டிக்கட்டுக்குக் காசு கடையில இருந்துதானே போகுது? அப்ப இந்த மைல் யாருடையது?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பறப்பது நானா, கடையைப் பார்த்துக்கொண்டு கொழும்பிலேயே இருப்பவர் பங்காளி. மைல்கள் பறப்பவரின் பெயரில்தான் சேரும், கடையின் பெயரில் அல்ல.

இது சின்ன விஷயம் இல்லை. 2002 ஜூலையில் ஜேர்மனியில், அரச பணிக்காகப் பறந்து சேர்த்த மைல்களைத் தனிப்பட்ட பயணத்துக்குப் பயன்படுத்திய விவகாரத்தில் ஜெம் ஒஸ்டெமிர், கிரெகோர் கீசி போன்ற அரசியல்வாதிகள் பதவிகளை விட்டு விலகினார்கள். அமெரிக்காவிலோ 2001 டிசம்பரில் வந்த சட்டம், மத்திய அரச ஊழியர்கள் அத்தகைய மைல்களைத் தமக்கே வைத்துக்கொள்ளலாம் என்றது. இரண்டு இடத்திலும் விதி முன்கூட்டியே தெளிவாக இருக்கிறது. நம் பங்கு வியாபாரங்களில் இதைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதே இல்லை. பங்காளியின் காசில் வந்தது அமானிதமா, பறந்த களைப்புக்கான கூலியா என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்து கம்பனி டிக்கட்டில் போகிறவர்களும் தங்கள் கம்பனியின் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நானா அடுத்த நாளே பங்காளியிடம் சொன்னாராம். அவர் சிரித்துவிட்டு, "பெக்குக்குக் கட்டுற சல்லி மிஞ்சினா போதும்" என்றிருக்கிறார். ஆனாலும் இருவரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்: மேலதிகப் பொதி கடைக்கு, சேரும் மைல்கள் கடையின் அடுத்த பயணத்துக்கு, மிஞ்சினால் இருவருக்கும் பாதி. ஐந்து அட்டைகளில் நான்கை வெட்டிக் குப்பையில் போட்டோம்.

உம்மாவின் உம்ரா டிக்கட்டை நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து காசு போட்டு எடுத்தோம். பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உம்மாவின் பெயரை நான்தான் எழுதினேன்.