உண்ணிக் காய்ச்சலும் ஒட்டும் புரதமும்

மூணாறு, தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை ஆகிய மலைப்பகுதிகளிலும், பாலக்காட்டைச் சேர்ந்த நெல்லியாம்பதித் தோட்டங்களிலும் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர் என்பதை நேயர்கள் அறிவார்கள். தேயிலை நிரையில் கொழுந்து பறிப்போரும் ஏலக்காட்டில் களையெடுப்போரும் அட்டைக் கடிக்கு அஞ்சுவதுண்டு. அட்டையாவது கண்ணில் படும். எளிதில் கண்ணில் படாத ஒன்றைக் குறித்தே ஈண்டுப் பேசுகின்றோம்.

புதர்களிலும் புல்தரையிலும் வாழும் ஒருவகைச் சிறு உண்ணியின் குஞ்சு, மனிதனைக் கடிக்கும்போது ஒரு கிருமியை உடலில் சேர்த்துவிடுகிறது. அதனால் வருவதே உண்ணிக் காய்ச்சல். மாட்டின் மேல் காணும் பெரிய உண்ணி வேறு, இது வேறு. மலையாளத்தில் இந்நோய்க்குச் செள்ளுப்பனி என்று பெயர். அம்மொழியில் பனி என்றால் காய்ச்சல். மருத்துவமனையில் இச்சொல்லைக் கேட்கும் புதியவர் மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டால் அவரைக் குறை கூற இயலாது. 2022 ஜூன் மாதத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இந்நோயால் உயிரிழப்பு நேர்ந்தபோதுதான் பலர் இப்பெயரையே கேள்வியுற்றனர்.

இக்கிருமிக்கு ஒரியன்சியா சுட்சுகமுசி என்று பெயர். இது உயிரணுக்களுக்கு வெளியே பெருக வல்லதன்று. எவ்வாறேனும் உள்ளே புகுந்தாக வேண்டும். அதற்கு முதற்படி ஒட்டிக்கொள்வதே. கிருமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 56 ஆயிரம் டால்டன் நிறையுள்ள ஒரு புரதம் மிகுதியாக அமைந்துள்ளது. நம் உடலிலோ பைப்ரோநெக்டின் என்னும் புரதம் உண்டு. உயிரணுக்கள் சுற்றிலுமுள்ள திசுவைப் பற்றி நிற்கவும், காயம் ஆறவும் துணைபுரிவது இது. இதனைப் பற்றிக்கொள்வதற்கென்றே உயிரணுவின் மேல் இன்டெக்ரின் என்னும் ஏற்பிகள் இருக்கின்றன. கிருமியின் புரதம் பைப்ரோநெக்டினைப் பிடித்துக்கொள்கிறது. இன்டெக்ரினோ வழக்கம்போலப் பைப்ரோநெக்டினைப் பற்றுகிறது. வீட்டாருக்குத் தெரிந்த உறவினர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கலியாண வீட்டினுள் நுழையும் அழையா விருந்தாளி போல, கிருமி வாயிலை அடைந்துவிடுகிறது. உயிரணுவே அதனை உள்ளிழுத்தும் கொள்கிறது. இந்தப் பிணைப்பை ஆய்வுக்கூடத்தில் தடுத்தபோது, உள்ளே புகும் கிருமிகள் குறைந்ததாகக் கொரிய ஆராய்ச்சியாளர் 2008-ஆம் ஆண்டில் தெரிவித்தனர்.

அப்படியாயின் அப்புரதத்தையே கொண்டு தடுப்பூசி செய்யலாகாதோ எனில், அங்கேதான் இடர்ப்பாடு. கார்ப், காட்டோ, கில்லியம் எனக் கிருமியின் வகைகள் பல. வகைக்கு வகை இப்புரதத்தின் அமைப்பு மாறுபடுகிறது. ஒன்றை எதிர்க்கக் கற்ற உடல் மற்றொன்றை அடையாளம் காண்பதில்லை. தடுப்பூசி இன்னும் பயன்பாட்டிற்கு வரவில்லை.

ஆகவே நோயை விரைவில் கண்டறிவதே உயிர் காக்கும் வழி. சிறிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கிருமி தாக்குவதால், நாள் கடந்தால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் யாவும் பழுதுறலாம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கரிய பொருக்கு உண்டாகும். அது வலிப்பதில்லை, அக்குளிலும் இடுப்பிலும் மார்பின் கீழும் மறைந்திருக்கும். பெண்கள் கூச்சத்தால் அதனைக் கூறாது விடுவதுண்டு. இதில் கூச்சம் வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் இப்பொருக்குத் தோன்றுவதில்லை என்பதையும் நினைவில் கொள்க.

கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் காணும். அதற்குள் தோட்டத் தொழிலாளி போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ சொந்த ஊருக்கு இறங்கி வந்திருப்பார். அவ்வூர் மருத்துவர் அவரது மலை வாழ்வை எவ்வாறு அறிவார்? தோட்ட வேலையைத் தாமே முந்திக் கூறுதல் வேண்டும்.

பெனிசிலின் வகை மருந்துகள் இக்கிருமியிடம் பலிப்பதில்லை. டாக்சிசைக்கிளின் உயிரணுவினுள் சென்று, கிருமி புரதம் உண்டாக்குவதையே தடுக்கிறது. ஒட்டும் புரதமும் அதில் அடங்கும். கருவுற்ற பெண்களுக்கு மருத்துவர் அசித்ரோமைசின் அளிப்பர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து இரத்தக் குழாய் வழியே செலுத்தியது, ஒன்றை மட்டும் செலுத்தியதைவிட நற்பயன் தந்தது.

தோட்டத்தில் நீண்ட உடை அணிவதும், வேலை முடிந்தவுடன் தேய்த்துக் குளித்து உடையைத் துவைப்பதும் நன்று. குஞ்சு கடித்தவுடனே கிருமி முழுதும் இறங்கிவிடுவதில்லை. மாலைக் குளியலுக்கு அவகாசம் இருக்கிறது.