சமையல்காரரின் தட்டில் என்ன இருக்கிறது?

ஓட்டலின் உண்மை தெரிய வேண்டுமானால் மதியம் மூன்றரை மணிக்குப் பின்வாசல் வழியாகப் போக வேண்டும். சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, அடுப்புகள் அணைந்து, சமைத்தவர்கள் தங்கள் வயிற்றை நினைக்கும் நேரம் அது. கோவை காந்திபுரத்தில் நான் போன அந்தச் சைனீஸ் ஓட்டலின் தலைமைச் சமையல்காரர், கவிழ்த்து வைத்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து சோறும் பருப்பும் முள்ளங்கி ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டார்ஜிலிங்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பையன்கள் அவரைத் 'தாஜு' என்று கூப்பிடுகிறார்கள். நேபாளியில் அண்ணன் என்று பொருள். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

"நீங்க சமைக்கிறதை நீங்க சாப்பிட மாட்டீங்களா, தாஜு?"

"அது கஸ்டமருக்கு சார்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பருப்பைப் பிசைந்துகொண்டே, நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

நிஜமான சீனச் சாப்பாடு எங்கே என்று சில வாரமாக நான் ஊர் முழுக்க விடை தேடிக்கொண்டிருந்த கேள்விக்கு அந்த மூன்று வார்த்தையில் பாதி விடை இருந்தது.

தேடலைத் தொடங்கி வைத்தவர் ஒரு சீனப் பொறியாளர். நூற்பாலை ஒன்றில் இயந்திரம் பூட்டுவதற்காக ஜெஜியாங் மாகாணத்திலிருந்து வந்து ஒன்றரை மாதம் கோவையில் தங்கியிருந்தார். என் தங்கை மாப்பிள்ளைக்கு அந்த மில்லில் வேலை. அதனால் விருந்தாளிக்கு வாய்க்குப் பிடித்த சாப்பாடு தேடித் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. தெருவுக்குத் தெரு சைனீஸ் பலகை தொங்கும் ஊரில் இது ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். ஆர்.எஸ்.புரம், ரேஸ்கோர்ஸ், காந்திபுரம் என்று ஐந்து இடங்களுக்கு அழைத்துப் போனேன். மனிதர் ஒரு குறை சொல்லவில்லை. வைத்ததை மரியாதையாகச் சாப்பிட்டார். ஐந்தாவது இடத்தில் கோபி மஞ்சூரியன் வந்தபோதுதான் செல்போனில் தட்டி, மொழிபெயர்ப்பைக் காட்டினார்: 'இது எந்த ஊர் உணவு?' மஞ்சூரியா என்பது அவர் நாட்டின் வடகிழக்குப் பகுதி. அங்கே மூன்று வருடம் வேலை பார்த்தவர். இப்படி ஒன்றை அந்தப் பக்கம் கண்டதே இல்லையாம்.

அவருக்குச் சரியான பதில், மும்பை என்பது. கொல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங், 1975-ல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமையல்காரராக இருந்தபோது, புதிதாக ஏதாவது கேட்ட வாடிக்கையாளருக்காக உருவாக்கியது சிக்கன் மஞ்சூரியன் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பொடியாக நறுக்கிய பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயை வதக்குகிறோமே, அதுவரை நம் வீட்டுத் தாளிப்புதான். அதில் மசாலாத் தூளுக்குப் பதில் சோயா சாஸும் சோளமாவும் சேர்ந்தன. கோழி இருந்த இடத்தில் பின்னால் காலிஃபிளவர் வந்து உட்கார்ந்தது. இன்று கோபி மஞ்சூரியன் இல்லாத கல்யாண வரவேற்பைக் கோவையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதைப் 'போலிச் சீன உணவு' என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதற்கு அப்பா அம்மா இருக்கிறார்கள், ஊர் இருக்கிறது, பட்ட பாடும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் வாங்கிக் கரும்பாலை போட்ட டோங் அச்சூ என்ற சீனரின் பெயரில், கொல்கத்தாவுக்குத் தெற்கே அச்சிப்பூர் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. அவருக்குப் பின்னால் அலையலையாக வந்தவர்களில் கான்டன்காரர்கள் தச்சு வேலைக்குப் போனார்கள். ஹூபேய்க்காரர்கள் பல் வைத்தியம் பார்த்தார்கள். ஹக்கா மக்கள், மற்றவர்கள் தொடத் தயங்கிய தோல் தொழிலை எடுத்துக்கொண்டு கொல்கத்தாவின் டாங்ராவில் குடியேறினார்கள். ஹக்கா என்ற சொல்லுக்கே விருந்தாளிக் குடும்பம் என்றுதான் பொருள். 1962 போர் வந்தபோது இந்தச் சீன விருந்தாளிகளில் சுமார் 3,000 பேரைப் பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தது இந்திய அரசு. சந்தேகம் ஒன்றுதான் காரணம். குழந்தைகளும் கிழவர்களும் அதில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளை நகரத்தைவிட்டு வெளியேறச் சொன்னதும், ஆலைக் கட்டடங்கள் பல ஓட்டல்களாயின. நாம் 'ஹக்கா நூடுல்ஸ்' என்று ஆர்டர் கொடுக்கும்போது, இத்தனை அடி வாங்கியும் சமைப்பதை விடாத ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்கிறோம்.

தாஜு அந்த டாங்ராவில்தான் தொழில் கற்றவர். பதினாறு வயதில் ஒரு ஹக்கா குடும்பத்தின் ஓட்டலில் சேர்ந்து, இரண்டு வருடம் பாத்திரம் கழுவி, பிறகு காய் நறுக்கி, பிறகுதான் அடுப்படிக்கு விட்டார்களாம். அவர் தந்த ஒரு தகவல் என் தேடலையே திருப்பிவிட்டது. அந்த ஓட்டலின் முன்பக்கம் சில்லி சிக்கனும் மஞ்சூரியனும் விற்கும். ராத்திரி கடை சாத்தியதும் அந்தக் குடும்பம் பின்னால் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வேறு எதையோ சாப்பிடும். ஆவியில் வெந்த மீன், உப்பில் ஊறிய கடுகுக் கீரை போட்ட பன்றிக்கறி, தெளிந்த சூப், வெறும் சோறு.

"கஸ்டமர் கேட்டா அதைத் தர மாட்டாங்களா?"

"யாரும் கேக்கலை சார்."

அதன்பிறகு நான் ஓட்டல்களில் மெனுவைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வாசல் டிராகனும் சிவப்பு லாந்தரும் எதையும் சொல்வதில்லை. நூற்றைம்பது அயிட்டம் அச்சடித்த புத்தகத்தில் பெரும்பாலும் மூன்று குழம்புதான் பெயர் மாறி மாறி வரும். சீனா என்பதே ஒரு சமையல் இல்லை. குவாங்டாங்காரர் மீனின் சுவையை மறைத்தால் கோபித்துக்கொள்வார். சிச்சுவான்காரர் நாக்கை மரக்க வைப்பார். வடக்கே கோதுமையும் மாவுப் பண்டமும்தான் அன்றாடச் சாப்பாடு. நம் ஊர் 'ஷெஸ்வான்' சாஸில் காய்ந்த மிளகாயும் பூண்டும் இருக்கின்றன. சிச்சுவானின் உயிரான 'சிச்சுவான் மிளகு' இல்லை. கொங்கணக் கடற்கரையில் மீன் குழம்பில் போடும் திர்பலின் உறவு அது. கடித்தால் காரம் எரியாது. உதட்டில் சின்ன மின்சாரம் ஓடுவதுபோல விறுவிறுக்கும். மிளகாய் மட்டும் நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரத்து விருந்தாளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழியே 16-ஆம் நூற்றாண்டில் வந்தது.

ஆகவே என் கேள்விகளை மாற்றினேன். இன்று சந்தையில் என்ன கீரை வந்தது, அதைப் பூண்டு மட்டும் போட்டு வதக்கித் தருவீர்களா என்று கேட்டேன். நீலகிரியில் விளையும் பாக் சாயும் சைனா கோஸும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. கேட்டதும் சர்வர் முகத்தைச் சுளித்தால் அங்கே வேலையில்லை. "இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனால் நம்பிக்கை வைக்கலாம். அப்படி உள்ளே போய்க் கேட்டு வந்த ஓர் இடம்தான் தாஜுவின் ஓட்டல்.

வந்த கீரையில் புகை மணம் இருந்தது. கான்டன்காரர்கள் இதை 'வோக் ஹே' என்பார்கள், சட்டியின் மூச்சு. சட்டியைப் புகைய விட்டு, எண்ணெயைச் சுழற்றி, கீரை தண்ணீர் விடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். வீட்டு கேஸ் அடுப்பில் வராது. அந்தச் சட்டி நமக்கு அந்நியமும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இன்றும் அதன் பெயர் சீனச்சட்டிதான். தமிழிலும் உள்ள சொல். எங்கள் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். வாணலி என்று நாங்கள்தான் மாற்றிக்கொண்டோம்.

நீலகிரி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் நடுவட்டம் சின்கோனாத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தது ஆங்கிலேய அரசு. தண்டனை முடிந்து அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு வாழ்ந்தவர்களைப் பற்றி இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். அந்த வீடுகளில் என்ன சமைத்திருப்பார்கள், யார் சட்டியில் யார் மசாலா விழுந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஒரு வரிகூட யாரும் குறித்து வைக்காமல் போனார்களே. ஊட்டியில் 1950-களில் ஒரு சீனக் குடும்பம் தொடங்கிய ஷின்கோஸ் ஓட்டலுக்குக் கோவைக்காரர்கள் மலையேறிப் போய்ச் சாப்பிட்டது தனிக் கதை.

பொறியாளர் ஊருக்குக் கிளம்பும் முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். தானே சமைப்பதாகச் சொன்னார். பெட்டியில் என்ன சாஸ் கொண்டு வந்திருப்பாரோ என்று என் மனைவி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நான்கு முட்டை, மூன்று பழுத்த தக்காளி, வெங்காயத்தாள் கேட்டார். முட்டையை உப்புப் போட்டு அடித்து, நிறைய எண்ணெய் காய்ந்ததும் ஊற்றினார். அது உப்பிப் பூவாக எழும்பியதும் பாதி வேக்காட்டிலேயே வழித்துத் தட்டில் போட்டார். அதே சட்டியில் தக்காளி, ஒரு சிட்டிகை சர்க்கரை. தக்காளி குழைந்து சாறு விட்டதும் முட்டையைத் திருப்பிப் போட்டு இரண்டு புரட்டு. மேலே வெங்காயத்தாள். ஐந்து நிமிடம் ஆகவில்லை. சீனாவில் பிள்ளைகள் முதலில் கற்கும் சமையல் இது என்றும், தன் அம்மா சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுவார் என்றும் செல்போன் சொன்னது. சூடான சோற்றில் அந்தச் சாற்றை விட்டு என் மகள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். சைனீஸ் என்றாலே அஜினோமோட்டோ என்று பயப்படும் என் அம்மாவும் சாப்பிட்டார். அந்த உப்பு 1908-ல் ஜப்பானிய விஞ்ஞானி இகேடா கடற்பாசியில் கண்டுபிடித்த சுவையிலிருந்து வந்தது. அதே சுவை பழுத்த தக்காளியில் இயற்கையாகவே இருக்கிறது என்று அம்மாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இதைப் போய்த் தாஜுவிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "திங்கக்கிழமை மீன் கொண்டு வாங்க சார். உயிரோட இருக்கணும்" என்றார்.

உக்கடம் மீன் மார்க்கெட்டில் தொட்டியில் நீந்திய ஜிலேபியில் எழுநூறு கிராமில் ஒன்றைக் காட்டினேன். "கொழம்புக்குங்களா, வறுக்கவுங்களாண்ணா?" என்றார் கடைக்காரர். அவிக்க என்றேன். "அவிக்கவுங்களா?" என்று பக்கத்துக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்றரை மணி. தாஜு மீனைக் கழுவித் துடைத்து, இரண்டு பக்கமும் கீறி, இஞ்சிச் சாறு தடவினார். தட்டில் வெங்காயத்தாளைக் குறுக்கே அடுக்கி அதன்மேல் மீனை வைத்தார். அடியிலும் ஆவி புக வேண்டுமாம். மோமோ வேக வைக்கும் பாத்திரத்தில் ஒன்பது நிமிடம். மூடியைத் திறந்து கண்ணைப் பார்த்தார். வெள்ளை முத்தாக வெளியே வந்திருந்தது. தட்டில் தேங்கிய தண்ணீரை வடித்துக் கொட்டினார். அதில்தான் கவிச்சி நிற்கும். நூலாக நறுக்கிய இஞ்சியையும் புது வெங்காயத்தாளையும் மேலே பரப்பி, புகைந்த எண்ணெயை ஒரு கரண்டி ஊற்றினார். சொர்ரென்று சத்தம் எழுந்து சமையல்கட்டு முழுக்க மணம் நிறைந்தது. சர்க்கரை கலந்த சோயா சாஸ் ஓரமாக இறங்கியது. அவ்வளவுதான் சமையல்.

மீனின் தலை என்னைப் பார்க்கும்படி தட்டைத் திருப்பி வைத்தார். விருந்தாளி பக்கம் தலை இருக்க வேண்டும் என்று டாங்ராவில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முள்ளிலிருந்து சதை மடல் மடலாகப் பிரிந்தது. குளத்து மீனுக்கு இத்தனை இனிப்பு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

பையன்களும் வந்து உட்கார்ந்தார்கள். பருப்புச் சட்டி மூடியபடியே ஓரத்தில் இருந்தது. தாஜு எண்ணெய் டின்னை இழுத்துப் போட்டு, தன் தட்டில் சோற்றை வைத்து, மீன் தட்டைச் சாய்த்து அந்தச் சாற்றை அதன்மேல் ஊற்றிக்கொண்டார்.